ஆர்சிங்க் ஃபில்டர்: குப்பை போகணும், பழைய வேலை இருக்கணும்

வணக்கம் நண்பர்களே. கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். தினமும் இரவு லினக்ஸ் கணினியிலிருந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஆர்சிங்க் (ஃபைல்களைக் காப்பி எடுக்கும் நிரல்) மூலம் காப்பி எடுக்கிறேன். 'அவுட்புட்' ஃபோல்டரில் சோதனைப் படங்கள்தான் அதிகம் என்பதால் அதை எக்ஸ்க்ளூட் செய்திருந்தேன், அதாவது காப்பியிலிருந்து விலக்கியிருந்தேன். அதற்குள் இருக்கும் 'பிரிண்ட்' மட்டும் வேண்டும் என்று ஒரு இன்க்ளூட் (சேர்க்கச் சொல்லும்) வரியும் போட்டேன். போன வாரம் ஒருவர் இன்னொரு ஆல்பம் கேட்டு, டிஸ்க்கைத் திறந்தால் 'பிரிண்ட்' எதிலுமே இல்லை. வயிற்றைக் கலக்கிவிட்டது. நல்லவேளை, கணினியில் இருந்தது.

தப்பு என்னுடையதுதான். விதிகளில் முதலில் பொருந்துவதே செல்லும். தாய் ஃபோல்டரையே விலக்கிவிட்டால் அதற்குள் எட்டிக்கூடப் பார்க்காது. இப்போது இன்க்ளூட் வரியை மேலே ஏற்றி, எக்ஸ்க்ளூடில் 'அவுட்புட்'டுக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்தேன். ட்ரை ரன்னில் (நிஜமாக எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டத்தில்) 'பிரிண்ட்' வருகிறது. சரி, அது முடிந்தது.

இப்போது சிக்கல் வேறு. ஃபில்டர் போடுவதற்கு முன் டிஸ்க்குக்குப் போன சோதனைப் படங்கள் அப்படியே கிடக்கின்றன. டெலிட் ஆப்ஷன் கொடுத்தும் போகவில்லை. எக்ஸ்க்ளூட் ஆனவற்றை அது தொடாதாம். எக்ஸ்க்ளூட் ஆனவற்றையும் அழிக்கும் டெலிட்-எக்ஸ்க்ளூடட் ஆப்ஷன் கொடுத்தால் போய்விடும், ஆனால் 'பழையவை' என்ற ஃபோல்டரும் அதே எக்ஸ்க்ளூட் பட்டியலில்தான் இருக்கிறது. அது டிஸ்க்கில் மட்டுமே உள்ளது, வேறு பிரதி கிடையாது. ட்ரை ரன்னில் அதன் பெயரும் அழிக்கும் பட்டியலில் வந்ததைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டேன்.

'பழையவை'யை மட்டும் தொடாமல் மற்றதை அழிக்க எந்த விதி எழுத வேண்டும்? அதை எந்த வரிசையில் வைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.