குவாரண்டைனுக்கு ஒரு சொல், திங்கக்கெழமைக்குள்ள

அம்மாபேட்டை, வெள்ளி ராத்திரி:
எல்லாருக்கும் வணக்கங்க. ஆபீசுக்கு வர்ற மெயில்ல வைரஸ் இருக்கான்னு பாத்து உள்ள விடற மெயில் கேட்வே ஒன்னோட அட்மின் திரைய தமிழ்ல பண்ணித்தரேன்னு ஒத்துக்கிட்டேன், திங்கக்கெழமை காலைல குடுக்கணும். ஸ்கேனுக்கு வருடல், அட்டாச்மெண்டுக்கு இணைப்புனு போட்டா 'இணைப்பை வருடு'ன்னு வருது, கொழந்தைய தூங்க வெக்கிற மாதிரி. அதக்கூட விடுங்க. பாஸ்வேர்டு போட்ட ஜிப் வந்தா கேட்வேயால உள்ள பாக்க முடியாது, அழிக்கவும் கூடாது, உள்ள விடவும் கூடாது, அட்மின் பாக்கற வரைக்கும் குவாரண்டைன்ல கெடக்கணும். 'தனிமைப்படுத்தல்' பட்டன்ல அடங்கல, கொரோனா நெனப்பு வேற வருது.

செவ்வாய்ப்பேட்டை, சனி காலை:
தம்பி, குவாரண்டைனுங்கிறதே நாப்பதுங்கிற எண்ணுதான். வெனிஸ்காரன் கப்பல 40 நாள் கரைக்கு விடாம நிறுத்தினான். நமக்கு மண்டலம் இருக்கு, 48 நாள். காப்பு கட்டினா பண்டிகை முடியற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாதுன்னு மாரியம்மன் பண்டிகை பாத்த எல்லாருக்கும் தெரியும். 'மண்டலக்காப்பு'ன்னு வைங்க. தனித்தமிழுக்காக நின்ன தேவநேயப் பாவாணர் 1944லேருந்து 1956 வரைக்கும் தமிழ் சொல்லிக்குடுத்த சேலத்துல ஒக்காந்துக்கிட்டு குவாரண்டைன்னு எழுதறதா?

ஏற்காடு:
ஐயா, மண்டலக்காப்புன்னா எங்க எஸ்டேட் கிளார்க்கு அர்ச்சனை சீட்டு எங்கம்பாரு. போன மாசம் மெளகு பில்லுனு ஒன்னு வந்துச்சு, பேரு பாத்தா ஜேபெக் படம், ஆனா ஃபைலோட மொத ரெண்டு எழுத்து எம்இசட், அதாவது உள்ள இருக்கறது எக்ஸ்இ, தொறந்தா ஓடற புரோகிராம், கேட்வே பேர நம்பாம எழுத்தப் பாத்து புடிச்சிருச்சு. வெள்ளாமைல மேஞ்ச மாட்ட தொண்டுப்பட்டில அடைக்கிறதில்லையா, ஒடமக்காரன் தண்டங் கட்டினா அவுத்து விடுவாங்களே, அதேதாங்க இது. 'பட்டியில் அடை', 'பட்டியிலிருந்து விடு'.

செவ்வாய்ப்பேட்டை:
தொண்டுன்னா தொல்காப்பியத்துல ஒம்பது. நாப்பதுலேருந்து ஒம்பதுக்கு எறங்கிட்டோம்.

ஆத்தூர்:
'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', காலத்தோட வந்து சேர்ற சொல்ல தள்ள வேண்டாம்னு சொன்னதும் அதே தொல்காப்பியந்தானுங்க. பாஸ்வேர்டையும் ஜிப்பையும் அப்படியே விட்டுட்டு இது ஒன்னுக்கு மட்டும் எதுக்கு இந்தப் பாடு?

அம்மாபேட்டை, ஞாயிறு ராத்திரி:
எனக்கு பட்டி ரொம்ப புடிச்சிருந்துச்சு, போட்டும் பாத்தேன். வைரஸ் ஸ்கேன் வேல செய்யுதான்னு பாக்கறதுக்குன்னே இருக்கற, கெடுதல் இல்லாத அந்த 68 எழுத்து ஐகார் டெஸ்ட் ஃபைல அனுப்பினேன், '1 இணைப்பு பட்டியில் உள்ளது'ன்னு திரைல வந்துச்சு. பக்கத்துல இருந்த பையன் 'பட்டியலில்'னு படிக்கிறான், எழுத்து விட்டுப்போச்சுனு என்னையே திருத்தறான். குவாரண்டைன் லிஸ்ட்டுக்கு 'பட்டிப் பட்டியல்'னு வேற போட வேண்டியிருக்கு. நாலு பேரு 'பிடித்துவை' போதும்னு தனி மடல்ல சொல்லிட்டாங்க, அதையே போட்டு அனுப்பறேன், கண்ணு சொருகுது.

செவ்வாய்ப்பேட்டை:
பிடித்துவைன்னா பிள்ளையாரைத்தான் பிடிச்சு வைப்போம். உதவிப் பக்கத்துலயாவது காப்புன்னு ஒரு எடத்துல போடுங்க தம்பி.