டிராக்டர் டயரில் சைடு வெட்டு: வீட்டில் தைத்தவர்களின் அனுபவங்கள்

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து:

கரும்பு வெட்டிய வயலில் கட்டை குத்திப் பின்டயரின் சைடு, அதாவது பக்கச் சுவர், கிழிவது இங்கே யாருக்கும் புதிதல்ல என்பதால் அதை விரிக்கவில்லை. 13.6-28 அளவு டயர், பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) பாதிக்கு மேல் தேயாமல் இருந்தது. தூக்கிப் போட மனமில்லாமல் சித்தப்பா டயரைக் கழற்றி, கோணி ஊசியில் நைலான் கயிற்றைக் கோத்து, வெட்டின் இரு விளிம்புகளையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தார். உள்பக்கம் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சொல்யூஷன் தடவி ஒட்டினார். உழவுக்கு அது நன்றாகவே தாங்கியது.

எனக்கு மறக்காமல் இருப்பது, ஆலை வாசலில் கரும்பு வண்டிகளோடு வரிசையில் நின்ற இரவுதான். பின்னால் நின்ற டிராக்டர்காரர் டார்ச் அடித்து, "தம்பி, இங்கே கொஞ்சம் வாருங்கள்" என்றார். இரண்டு தையல்களுக்கு நடுவே டியூப் எலுமிச்சம்பழ அளவுக்கு வெளியே பிதுங்கிப் பளபளத்தது. சித்தப்பா இறங்கி வந்து அதைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தினார். விரலை எடுத்ததும் அது மெதுவாகத் திரும்பி வந்தது. காற்றை இறக்கினால் பாரம் தாங்காது, இறக்காவிட்டால் வெடிக்கும் என்ற நிலையில், விடியும்வரை அந்தப் பக்கம் யாரையும் உட்காரவிடாமல் நின்றிருந்தோம். தையல் தவறா, உள்ளே ஒட்டியது தவறா என்ற வாக்குவாதம் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

பாகூரிலிருந்து:

தம்பி, உங்கள் சித்தப்பாவின் தையலில் குறை சொல்ல எதுவும் இல்லை. தையல் வெட்டின் வாயை மூடுமே தவிரப் பாரத்தைத் தாங்காது. டயரின் வலு, குறுக்கும் மறுக்குமாக அடுக்கப்பட்டுள்ள நைலான் நூல் அடுக்குகளில் இருக்கிறது. ரப்பர் அதற்கு மேல் போர்த்திய தோல்தான். அறுந்த நூலின் வேலையை வேறு நூல்தான் செய்ய வேண்டும். டியூப் துண்டில் நூலே கிடையாது. அது இழுத்தால் நீளும், அழுத்தினால் பிதுங்கும். அன்றிரவு நடந்ததும் அதுவே.

எங்கள் மாமனார் இதற்குத் தேய்ந்த லாரி நைலான் டயரிலிருந்து பட்டை உரித்து உள்ளே வைப்பார். நஞ்சை உழவு முழுவதும் அது அசையவில்லை. ஆனால் பருவம் முடிந்து கழற்றியபோது டியூபில் கண்ட காட்சி என்னை இன்னும் உறுத்துகிறது. பட்டையின் வடிவம் நான்கு ஓரங்களோடும் டியூபில் அப்படியே பதிந்திருந்தது. ஒரு மூலையில் ரப்பர் தாளாக மெலிந்து, விரல் நகம் பட்டாலே போய்விடும் நிலையில் இருந்தது. டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அமுங்கி நிமிரும்போது அந்த ஓரம் டியூபை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது பட்டையின் ஓரத்தைச் சுற்றிலும் சாய்வாகச் சீவி ஒன்றுமில்லாத அளவுக்கு மெலியவைத்த பிறகே ஒட்டுகிறார். டியூபின் மேல் டால்க் பவுடரும் தூவுகிறார். வலுவான பட்டையை வைத்துவிட்டு ஓரத்தைச் சீவாமல் விடுபவர்களை இன்றும் பார்க்கிறேன். அவர்களோடு பேசிப் பயனில்லை.

பண்ருட்டியிலிருந்து:

பாகூர் நண்பர் சொல்வது சரிதான், ஆனால் அதில் முக்கியமான ஒன்று விடுபட்டுள்ளது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்தபோது, வேரையும் கட்டையையும் இழுத்துப் போட்ட டிராக்டர்களில் சைடு கிழியாத டயரைக் காண்பதே அரிதாக இருந்தது. எங்கள் டயரை வல்கனைசிங் (சூட்டில் ரப்பரை வேகவைத்து ஒட்டுவது) செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். வெட்டை அடைத்துத் தருவார் என்று பார்த்தால், அவர் கத்தியை நனைத்துக்கொண்டு வெட்டை இன்னும் அகலமாக்கத் தொடங்கினார். அப்பா பதறிப்போய், "ஐயா, இருக்கிறதையும் வெட்டுகிறீர்களே" என்றார். அவர் பதில் சொல்லாமல், பிசிறிட்ட நூல் ஒன்றைக் குறடால் பிடித்து அழுத்தி இழுத்தார். வெளியே காய்ந்து கிடந்த டயரின் அடுக்குகளுக்கு நடுவிலிருந்து நீர் கசிந்து அவர் மணிக்கட்டில் வழிந்தது.

வெட்டு வழியே புகும் நீர் நூலோடு ஓடி அடுக்குகளைப் பிரித்துவிடுகிறது. அந்த ஈரத்தை வைத்துக்கொண்டு மேலே எதை ஒட்டினாலும், பிரிவு உள்ளே வளர்ந்துகொண்டே போகும். அவர் கெட்ட நூலை எல்லாம் வெட்டி எடுத்து, உலரவைத்து, சுரண்டிச் சொரசொரப்பாக்கி, பச்சை ரப்பரை, அதாவது வேகாத ரப்பரை அடைத்து, சூட்டில் வைத்தார். வேகாத ரப்பர் வேக 140 முதல் 150 டிகிரி வரை சூடு வேண்டும். அதுவும் தடிமன் முழுவதும் சீராக ஏற வேண்டும். பழைய பிஸ்டனில் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்து டியூபுக்கு ஒட்டுப் போடும் முறையைச் சிலர் சைடு வெட்டுக்கும் செய்கிறார்கள். மேல்தோல் கருகி, உள்ளே ரப்பர் பச்சையாகவே நிற்கும். ஆகவே, வீட்டில் செய்யலாம் என்று பாகூர் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கழற்றுவதும் உலர்த்துவதும் வீட்டில் நடக்கட்டும். சூடு வைப்பது அதற்கான கருவி உள்ளவரின் வேலை.

காட்டுமன்னார்கோவிலிலிருந்து:

எங்கள் தெருவில் தைத்த டயருக்குக் காற்றடிக்கும்போது ஒருவர் அதன் மேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அவர் எழுந்து நாலடி நடந்ததும் தையல் விட்டது. மேலிருந்த தகரத்தில் இரண்டு ஆணிகள் பிடுங்கிக்கொண்டன. என் கதை அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சீர்செய்த டயருக்குக் காற்றடிக்கும்போது முனையில் தானாகப் பிடித்துக்கொள்ளும் கிளிப் உள்ள நீண்ட குழாயை மாட்டிவிட்டு, பட்டன் இருக்கும் பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். வெட்டு இருந்த சைடுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. டயரின் கம்பி விளிம்பு ரிம்மில் சரியாக உட்காரவில்லை என்று காற்றை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். பின்டயருக்குக் காற்றழுத்தம் 35 பவுண்டைத் தாண்டக் கூடாது, அதற்குள் உட்காராவிட்டால் இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி முயல வேண்டும். டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மில் வெல்டிங் வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். காற்று இறங்கியிருந்தாலும் சூட்டில் உள்ளே வாயு உண்டாகி வெடிக்கும். வயலில் 12 முதல் 14 பவுண்டு காற்றில் ஓடும் பின்டயருக்குத்தான் இந்தத் தையல், பட்டை எல்லாம் பொருந்தும். டிரெய்லர் டயரில் அழுத்தம் பல மடங்கு அதிகம். முன்டயரை நம்பித்தான் ஸ்டியரிங் இருக்கிறது. அவ்விரண்டிலும் சைடு வெட்டு விழுந்தால் மாற்றிவிடுங்கள். பின்டயரில் வெளிப்பக்கம் வெட்டு இருந்தால், இடது டயரை வலது பக்க ரிம்மில் மாற்றிப் போடுங்கள். பட்டனின் திசை கெடாமலே வெட்டு உள்பக்கம் போய்விடும், கட்டை நேரே குத்தாது. எடைக்காக டயரில் தண்ணீர் நிரப்பியிருப்பவர்கள் அதை முழுவதும் வடித்த பிறகே கழற்ற வேண்டும்; நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை மேலே சாய்ந்தால் ஒரு ஆளால் தாங்க முடியாது.

திருக்கனூரிலிருந்து:

காட்டுமன்னார்கோவில் ஐயாவின் மற்ற அறிவுரைகளை ஏற்கிறேன். வெட்டை உள்பக்கம் திருப்புவதை மட்டும் ஏற்க முடியாது. உள்ளே போய்விட்டால் பிதுங்கலை யார் பார்ப்பது? நெல்லிக்குப்பம் தம்பிக்கு அன்று டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது, வெட்டு வெளிப்பக்கம் இருந்ததால்தான்.

என் அண்ணன் ஊசியை நம்பாமல், உள்ளொரு தகடும் வெளியொரு தகடும் வைத்து போல்ட் முடுக்கினார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. டயர் வளையும் இடத்தில் வளையாத தகட்டை வைத்ததால், தகட்டின் விளிம்பை ஒட்டியே புதிய வெடிப்பு ஓடியது. உள்ளே தளர்ந்த போல்ட்டின் தலை டியூபைத் தின்றது. டயரைப் பிரித்தபோது அதற்குள் கறுப்பு ரப்பர் தூள் ஒரு கைப்பிடி இருந்தது. அண்ணன் அதை அள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தகடுகளைக் கழற்றத் தொடங்கினார்.

பண்ருட்டி நண்பருக்கு ஒரு வார்த்தை: உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கும் வெட்டு, சைடின் நடுவில் இருந்தால், நீங்கள் சொல்லும் சூட்டு முறைக்குச் செலவிடலாம். டயரின் விளிம்புக் கம்பியிலிருந்து நான்கு விரற்கடைக்குள் வெட்டு வந்துவிட்டாலோ, கம்பியே வெளியே தெரிந்தாலோ, எங்கள் பக்கம் எந்தக் கடையிலும் அந்த டயரைத் தொடுவதில்லை. கொண்டுபோகும் வண்டி வாடகைதான் மிச்சம்.