காலிமுகத்திடலுக்கு நேரலை, கந்தசாமி கோவிலடிக்கு அரை நிமிடம்

மாங்குளத்தான்:
2022 ஏப்ரலில் கொழும்பு காலிமுகத்திடலில் அரசுக்கு எதிராகக் கூடாரம் அடித்ததிலிருந்து ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டு ஓடும்வரை கொழும்புத் தொலைக்காட்சிகள் விடாமல் நேரலை போட்டன. நல்லது, போடத்தான் வேண்டும். ஆனால் கிளிநொச்சி கந்தசாமி கோவிலுக்கு முன்னால் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இலேயே பந்தல் போட்டு, பதில் கேட்டுக் குந்திவிட்டார்கள். நாலு நாளில் வவுனியா, அடுத்த மாதம் முல்லைத்தீவு. தெற்கில் அந்த அரகலய, அதாவது காலிமுகத்திடல் போராட்டம், பார்த்த சனத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

குளக்கட்டு:
அண்ணை, கோபம் விளங்குது, ஆனால் ஒப்பீடு பிழை. 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. முழு நாட்டுக்கும் வயிற்றுப் பிரச்சினை. ஊடகம் அங்கே போகாமல் எங்கே போகும்? எங்கட பந்தலில் முதல் நாள் எடுத்த படமும் ஆயிரமாவது நாள் எடுத்த படமும் ஒன்றுதான். போதாக்குறைக்கு உறவுகளின் சங்கங்களுக்குள் பிடுங்குப்பாடு, வவுனியாப் பந்தலில் அமெரிக்கக் கொடி. தெற்கிலிருந்து பார்க்கிறவன் என்னத்தை விளங்கிக்கொள்வான்?

மாங்குளத்தான்:
உள்ளூரில் கேட்க ஆளில்லாதபடியால்தான் தம்பி அடுத்த நாட்டுக் கொடியைத் தூக்குகிறார்கள். 2008 செப்டெம்பரை மறந்துபோனீரோ? போர் நெருங்க, ஐநாவையும் தொண்டு நிறுவனங்களையும் புலிகளின் கையிலிருந்த வன்னியை விட்டு வெளிக்கிடச் சொன்னது அரசாங்கம். கிளிநொச்சியில் ஐநா அலுவலக வாசலில் சனம் நின்று போகாதேங்கோ என்று கெஞ்சியது. அதுவும் போராட்டம்தான். அவர்களும் போனார்கள், வெளிப் பத்திரிகையாளரை உள்ளே விடவுமில்லை. பிறகு 2009 இல் போர் நடந்த இடத்துக்குள்ளே 70,000 பேர்தான் என்று அரசாங்கம் சொல்ல, கொழும்பு ஊடகம் அதையே திருப்பிச் சொன்னது. கடைசியில் முகாம்களுக்கு உயிரோடு வந்து சேர்ந்ததே 280,000 க்கு மேல். சாப்பாடும் மருந்தும் அந்தப் பொய்க் கணக்குக்குத்தான் அனுப்பினார்கள்.

குளக்கட்டு:
சரி, அதை ஒருவரும் மறுக்கவில்லை. அப்போ உள்ளே இருந்த ஊடகம்? ஈழநாதம் பத்திரிகையும் புலிகளின் குரல் வானொலியும் இருந்தன. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனதை எது எழுதியது? 2011 ஐநா நிபுணர் குழு அறிக்கையில் அரசாங்கமே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்கு ஆமி செல் அடித்ததும் இருக்கிறது, தப்பி வந்த சனத்தைப் புலிகள் இயக்கம் சுட்டதும் இருக்கிறது. நாங்கள் ஒரு பாதியை வாசிக்கிறோம், அவர்கள் மற்றப் பாதியை.

மாங்குளத்தான்:
புலிகளின் குரலுக்கு 2007 நவம்பரில் விமானப்படை குண்டு போட்டு அங்கே வேலை செய்த ஆட்களைக் கொன்றதையும் சேர்த்து எழுதும்.

வவுனியாக்காரி:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. நான் பந்தலுக்குப் போய் வாறவள். பிள்ளையை இயக்கம் கொண்டுபோனதையும், அதே பிள்ளையைப் போரின் கடைசியில் முல்லைத்தீவு வட்டுவாகலில் ஆமியின் கையில் கொடுத்ததையும் ஒரே மூச்சில் சொல்கிற அம்மாக்கள் அங்கே இருக்கிறார்கள். இயக்கம் கொண்டுபோனதை மட்டும் கொழும்புக்காரன் வெட்டி எடுக்கிறான், ஆமியிடம் கொடுத்ததை மட்டும் எங்கட ஆட்கள் போடுகிறார்கள். அந்த மனுசி சொன்னது முழுசாக எங்கேயும் வருவதில்லை. எங்கட ஊடகப் பொடியள் வருவதும் ஆண்டு நிறைவுக்கோ அரசியல்வாதி வந்தாலோதான். ஒருநாள் ஒருவர், “அம்மா, பிள்ளையின் படத்தைக் கொஞ்சம் முகத்துக்குக் கிட்டப் பிடியுங்கோ” என்றார். மனுசி பிடித்தா. லேமினேட்டில் வெயில் தெறிக்குது என்று சரித்துப் பிடிக்கச் சொன்னார், அதையும் செய்தா. அழுத உடனே கமெராவை மூடிவிட்டார். பிள்ளையை யாரிடம், எந்த இடத்தில் கொடுத்தது என்று கேட்கவே இல்லை. மனுசியின் ஞாபகத்தில் எல்லாம் அப்படியே கிடக்கிறது.

கண்டி வீதி:
தெற்கு எல்லாரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். 2022 மே 18 இல் காலிமுகத்திடலிலேயே 2009 இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்து, அப்போது சனம் குடித்த கஞ்சியைக் கொடுத்தார்கள், சிங்களவரும் வாங்கிக் குடித்தார்கள்.

மாங்குளத்தான்:
குடித்தார்கள், சந்தோசம். 2024 மே மாதம் திருகோணமலைச் சம்பூரில் அதே கஞ்சிக்காகப் பெண்களைக் கைது செய்தார்களே. காலிமுகத்திடலில் நல்லிணக்கம், சம்பூரில் குற்றம். அதற்குத் தெற்கில் எத்தனை நேரலை போனது?

குளக்கட்டு:
திரும்பவும் தெற்கா? முல்லைத்தீவு கொக்குத்தொடுவாய்ப் புதைகுழியைப் பாருங்கோ. 2023 ஜூனில் தண்ணிக் குழாய் புதைக்கக் கிண்டின இடத்தில் மனித எலும்பு வந்தது, எங்கட சனல் எல்லாம் ஓடிப்போனது. அதற்குப் பிறகு முல்லைத்தீவு நீதிமன்றில் நடந்த அந்த வழக்கின் ஒவ்வொரு தவணையையும் எத்தனை சனல் ஒழுங்காகப் போட்டது? அதைக் கொழும்பா தடுத்தது?

வவுனியாக்காரி:
போட்டால்தான் எத்தனை பேர் பார்க்கிறீர்கள்? தவணைச் செய்திக்குக் கீழே கருத்து எழுத ஆளில்லை, இங்கே மட்டும் இரவிரவாக அடிபடுகிறீர்கள்.