புதுப்பிப்பு: அலாஜாபெல் கணவாயைத் தாண்டிக் கடலுக்கு வந்துவிட்டேன்

பனி விழும்போது துருக்கியின் கொன்யா நகரிலிருந்து டாரஸ் மலையைச் சைக்கிளில் தாண்டலாமா, பேருந்தில் ஏறிவிடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். 'கணவாய்க்கு முன்னால் வரும் செய்திஷெஹிர் ஊரில் காத்திரு' என்றவர்களுக்கு நன்றி. இரண்டு நாள் தங்கி, மூன்றாம் நாள் காலை பனி அள்ளும் வண்டி போன பிறகு கிளம்பினேன்.

1825 மீட்டர் உயரக் கணவாய். ஏறும்போது உடம்பு சூடாகவே இருந்தது. இறக்கம்தான் வாட்டி எடுத்துவிட்டது. வியர்வையில் நனைந்த பனியன் முதுகில் ஐஸாக ஒட்டிக்கொண்டது. விரல்கள் மரத்துப்போய், பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அக்செகி அருகே ஒரு பெட்ரோல் பங்கில் நின்றேன். அங்கிருந்த பெரியவர் எதுவும் கேட்காமல், இடுப்பு சிறுத்த கண்ணாடிக் குவளையில் தேநீர் கொடுத்தார். குடிக்காமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். இந்த வழியில் வருபவர்கள் தயவுசெய்து உச்சியிலேயே பனியனை மாற்றிவிடுங்கள்.

மானவ்காட் பக்கம் மரமெல்லாம் ஆரஞ்சு. அப்புறம் கடலோர டி400 சாலை. கடற்கரைதானே, சமதளமாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். காசிபாஷா தாண்டியதும் மலை நேராகக் கடலில் இறங்குகிறது; ஏறி இறங்கியே தொடை கழன்றுவிடும். மத்தியதரைக் கடலோரத்துக்குக் குளிர்காலம்தான் மழைக்காலம், நன்றாக நனைந்தேன். ஆனாலும் சரிவெல்லாம் வாழை, கீழே நீலக் கடல். மூன்று நாள் முன்புதான் பனியில் இருந்தேன் என்பதை நம்பவே முடியவில்லை.

இப்போது அனமூரில் இருக்கிறேன். தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றிவிட்டு, நாளை சிலிஃப்கே பக்கம் கிளம்புகிறேன்.