மாத்தேரானில் காலை நடை கட்டாயமா?

செம்பூர் சேகர்:
எங்கள் சொசைட்டியில் மே மாத விடுமுறைக்கு மும்பைக்குப் பக்கத்து மலைவாசஸ்தலமான மாத்தேரான் போக ஏற்பாடு. மகிழ்ச்சி. ஆனால் நடைக்குழுவினர் தயாரித்த நிகழ்ச்சி நிரலின் முதல் வரியே, "காலை 6 மணி: நடைப்பயிற்சி, அனைவரும் கட்டாயம்". மும்பை லோக்கல் ரயிலில், ஹார்பர் லைனில் குர்லா, அங்கே பாலம் ஏறி சென்ட்ரல், தாதரில் இன்னொரு பாலம் ஏறி வெஸ்டர்ன் என்று வருடம் முழுக்க முட்டி மோதுகிறவனை விடுமுறையிலுமா விரட்டுவது?

முலுண்ட் நடையர்:
சேகர் சார், அந்த வரியை எழுதியவனே நான்தான். பாலம் ஏறுவதும் பயிற்சியே. தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டது. துண்டு துண்டாக இருந்தாலும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு சேர்ந்தால் சரி. ஆனால் விடுமுறையில் அந்தப் பாலமும் கிடையாதே! மகாபலேஷ்வரில் என்ன செய்தோம்? வேனில் ஏறினோம், பாயிண்டில் இறங்கினோம், போட்டோ எடுத்தோம், க்ரீம் போட்ட ஸ்ட்ராபெரி தின்றோம், மறுபடி வேன். ஊர் திரும்பியதும் ஆளுக்கு ஆள் முதுகைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாட்டுங்கா மாமி:
கட்டாயம் என்று எழுதும் முன் பெண்கள் யாரையாவது கேட்டீர்களா? தினமும் ஐந்து மணிக்கு எழுந்து டப்பா கட்டுகிறவளுக்கு, குக்கர் விசில் கேட்காத ஒரு காலையில் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு ஏழரை வரை கிடப்பதுதான் விடுமுறை. அதைப் பறித்துக்கொண்டு ஆரோக்கியம் பேசாதீர்கள்.

தாராவி தங்கம்:
நான் சர்க்கரைக்காரன், என் பங்கையும் கேளுங்கள். விடுமுறையில் என்னைக் கவிழ்ப்பது மதியப் பூரியும் ஸ்ரீகண்ட் இனிப்பும். அதற்கு விடியற்காலை நடையைவிடச் சாப்பிட்டு எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதே எனக்குக் கைகொடுக்கிறது. வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இன்னொன்று: இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு மேட்டில் வெகுதூரம் ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். "அனைவரும்" என்று எழுதியவர் பையில் குளுக்கோஸ் பொட்டலமும் எடுத்து வருவாரா?

முலுண்ட் நடையர்:
எடுத்து வருகிறேன் தங்கம் அண்ணா. மதிய நடையையும் சேர்க்கிறேன். ஆனால் காலை வெயில் ஏறுமுன் போவதுதான் மே மாதத்துக்குப் பொருந்தும். ஒரு தடவை விட்டால் பழக்கம் போயே போய்விடும்.

செம்பூர் சேகர்:
சில நாள் ஓய்வில் எதுவும் போய்விடாது. தசை வலு இரண்டு மூன்று வாரம் வரை பெரிதாகக் குறைவதில்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் மூச்சுத்திறன்தான் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். நம் சொசைட்டியில் நெடுந்தூரம் ஓடுகிறவர் யார்? லிஃப்ட் நின்றால் செயலாளருக்கு போன் போடுகிறவர்கள் நாம்.

மாட்டுங்கா மாமி:
போகிற ஊரையாவது நினைத்துப் பார்த்தீர்களா? மாத்தேரான் ஊருக்குள் கார் போகாது; தஸ்தூரி பார்க்கிங்கோடு நின்றுவிடும். அதற்கு மேல் தண்டவாளத்தை ஒட்டிய செம்மண் பாதைதான். பிறகு ஷார்லட் ஏரி, எக்கோ பாயிண்ட், லூயிசா பாயிண்ட் என்று எங்கே போனாலும் கால் வேலை செய்தாக வேண்டும். மாலையில் செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் சிவப்பாகவும் இருக்கும். இதற்கு மேல் ஒரு நடைப்பயிற்சியா?

முலுண்ட் நடையர்:
மாமி, அமன் லாட்ஜ் ஸ்டேஷனிலிருந்து ஷட்டில் ரயில் இருக்கிறது, குதிரை இருக்கிறது. நம் ஆட்கள் நடப்பார்கள் என்றா நம்புகிறீர்கள்? சரி, "கட்டாயம்" என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். 6 மணி இருக்கட்டும்.

மாட்டுங்கா மாமி:
6 மணி இருந்தால், எட்டு மணிக்குச் சிற்றுண்டி மேஜையில் வராதவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவீர்கள். எனக்குத் தெரியாதா?

தாராவி தங்கம்:
மேஜையில் சீனி போடாத காபி இருந்தால் சரி.

செம்பூர் சேகர்:
6 மணிக்கு நானும் வருகிறேன், குதிரை மேல். மூச்சு வாங்குவதை அது பார்த்துக்கொள்ளும். வாடகையை நடைக்குழுவின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.