இலை முந்திப் பழுத்தால் மணி நிரம்புமா?

கொட்டாஞ்சேனை வெதுப்பாளர்:
புரதம் கூடிய கோதுமை இனங்கள் பரவினால் கொழும்பின் பாணும் தானாகவே சிறந்துவிடும் என்று வெள்ளவத்தை மாணவி நேற்று இங்கே எழுதியதைப் படித்து எனக்குக் கோபமே வந்தது. முப்பது வருடமாக விடியற்காலை மூன்று மணிக்கு மாக் குழைக்கிறவன் நான். கோதுமையின் காட்டு மூதாதையான எம்மர் கோதுமையிலிருந்து 2006இல் பிரித்தறிந்ததாக நீங்கள் கொண்டாடும், புரதத்தைக் கூட்டும் பரம்பரையலகு, இலையை முந்திப் பழுக்க வைக்கிறது. இலை முந்திப் பழுத்தால் மணி நிரம்ப நாள் போதாது. மாப்பொருள் குறைவதால்தான் புரதத்தின் சதவீதம் கூடித் தெரிகிறது.

வெள்ளவத்தை மாணவி:
ஐயா, பழுக்கும் இலையிலிருந்து நைதரசன் மணிக்குள் இறங்குவதால்தான் புரதம் கூடுகிறது. அதோடு இரும்பும் நாகமும் (துத்தநாகம்) கூடுகின்றன.

கொட்டாஞ்சேனை வெதுப்பாளர்:
மாப்பொருள் குறைந்தால் இரும்பின் பங்கும் கூடத்தானே செய்யும்? இலை முந்திப் பழுக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை மாணவி:
பழுக்கிறது, அதை நான் மறுக்கவேயில்லை. அந்தப் பரம்பரையலகையும் அதை ஒத்த மற்றப் பரம்பரையலகுகளையும் செயற்படவிடாமல் அடக்கிவைத்த செடிகளில் இலை மூன்று வாரத்துக்கு மேல் பிந்திப் பழுத்தது, மணியின் புரதம் முப்பது சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்தது. நீங்கள் சொல்வதுபோல வெறும் கணக்கு மாற்றமாக இருந்தால், அந்தச் செடிகளின் இலையில் நைதரசன் தேங்கி நின்றது ஏன்?

தெகிவளை வாசகர்:
இருவருமே மாப்பொருளின் தன்மையை மறந்துவிட்டீர்கள். மாப்பொருள் இரண்டு வகை மூலக்கூறுகளால் ஆனது: அமைலோசு ஏறக்குறைய கால் பங்கு, மீதி அமைலோபெக்றின். அமைலோசை உண்டாக்கும் மூன்று பரம்பரையலகுகளும் செயலிழந்த கோதுமையை 1990களில் யப்பானில் கலப்பினச் சேர்க்கையால் உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்று மட்டும் செயலிழந்த ஆஸ்திரேலியக் கோதுமையை ஊடொன் என்ற தடித்த யப்பானிய நூடில்ஸ் செய்கிறவர்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

கொட்டாஞ்சேனை வெதுப்பாளர்:
போன மாதம் குரக்கன் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் இடையில் புகுந்து திசை திருப்பினீர்கள். அதை நான் மறக்கவில்லை. யாராவது ஒருவர் ஒரு பிடி மாவைக் குழைத்து, தண்ணீரில் வைத்துக் கையால் கழுவிப் பாருங்கள். மாப்பொருள் பால்போல ஓடிவிடும், விரல்களுக்குள் ரப்பர் போன்ற குளூட்டன் மட்டும் மிஞ்சும். புரத அளவு ஒன்றாகவே இருக்கும் இரண்டு மாக்களில் ஒன்றின் குளூட்டன் இழுத்தால் நீளும், மற்றது அறுந்துபோகும். பாண் எழும்புவதும் பரோட்டா விரிவதும் குளூட்டனில் உள்ள குளூட்டெனின் என்ற புரதத்தின் வகையில் தங்கியிருக்கின்றன. சதவீதத்தைக் காட்டி என்னிடம் வராதீர்கள்.

வெள்ளவத்தை மாணவி:
குளூட்டெனின் வகை முக்கியம் என்பதை நானும் ஏற்கிறேன். அதற்கும் மணி நிரம்பவில்லை என்ற உங்கள் குற்றச்சாட்டுக்கும் என்ன தொடர்பு? அனுபவத்தைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள், ஐயா.

கொட்டாஞ்சேனை வெதுப்பாளர்:
தங்கச்சி, விளைச்சல் கூடினால் புரதம் குறையும், புரதம் கூடினால் விளைச்சல் குறையும் என்று கோதுமை வளர்க்கிறவர்கள் காலங்காலமாகக் கண்டதைத்தான் நானும் சொல்கிறேன். இலை முந்திப் பழுக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

வெள்ளவத்தை மாணவி:
இலை பழுக்கிறது என்றுதான் எழுதினேன். மணி சுருங்குகிறது என்று எங்கே எழுதினேன், காட்டுங்கள்.