கிணத்தடி மெயின் சுவிச்: நிப்பாட்டின பிறகும் பியூஸில ரெஸ்ரர் பத்துது

உரும்பிராய்த் தோட்டம்

வணக்கம். விசயம் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ, வெங்காயம் தண்ணியில்லாமல் நிக்குது.

வீட்டுக்குப் பின்னால நாலு பரப்புத் தோட்டம். கிணறு வீட்டில இருந்து ஒரு 60 மீற்றர் தள்ளி. 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டர். இவ்வளவு காலமும் குசினி பிளக்கில இருந்து நீட்டு வயர் இழுத்துத்தான் இறைச்சனாங்கள். போன கிழமை மாமா வீட்டில சும்மா கிடந்த பழைய இரும்புப் பெட்டி மெயின் சுவிச் ஒண்டு கிடைச்சுது. பக்கத்தில கைபிடி, உள்ளுக்கு ரெண்டு பீங்கான் பியூஸ். அதைக் கிணத்தடிச் சுவரில அடிச்சு, நிலத்துக்கு அடியால பைப்புக்குள்ள 2.5 சதுர மி.மீ. வயர் ரெண்டு கொண்டுபோய் நானே கொழுவினன்.

முதல் 5 அம்பியர் பியூஸ் வயர் போட்டன். மோட்டர் உறுமின உடனே டப்பெண்டு போட்டுது. திரும்பக் கட்டினன், திரும்பவும் போட்டுது. பிறகு மிஞ்சின 2.5 வயரில ஒரு இழை உருவிக் கட்டினன். இப்ப சோக்கா ஓடுது.

நேற்றுப் பின்னேரம் கைபிடியைக் கீழ இழுத்து நிப்பாட்டினன். மோட்டரும் நிண்டிட்டுது. மூடியைத் திறந்து, பியூஸில கை வைக்க முதல் சும்மா ஒருக்கா ரெஸ்ரரை (கறண்ட் இருந்தால் உள்ளுக்கு லைற் பத்திற ஸ்குறூ டிறைவர்) வைச்சுப் பாத்தால் வலப்பக்கத்துப் பியூஸில பளிச்செண்டு பத்துது. ரெண்டு முனையிலயும். சுவிச் பழுதோ? புதுசு வாங்கோணுமோ?

கோண்டாவில் பொடியன்

பக்கத்து வயரில ஓடுற கறண்டுக்கும் ரெஸ்ரர் பத்தும் அண்ணை. சுவிச் சரியாத்தான் இருக்கும். ரெண்டு வயரையும் இடம் மாத்திக் கொழுவிப் பாருங்கோ.

பழைய வயர்மன்

மாத்தவும் வேண்டாம், கொழுவவும் வேண்டாம். தம்பி, முதல்ல வீட்டு மெயினை நிப்பாட்டும். வீட்டில ஆரும் தெரியாமல் போட்டிடாமல் ஒரு ஆளிட்டச் சொல்லிப்போட்டு வாரும். அதுக்குப் பிறகு நாலு விசயம் சொல்லும்.

வீட்டில இருந்து வாற வயரைப் பெட்டியில மேல் முனையில கொழுவினனீரோ, கீழ் முனையிலயோ? ரெண்டு பியூஸிலயும் வயர் கட்டியிருக்கோ? மோட்டர் உடம்புக்கு ஏர்த் எங்க போகுது? வீட்டில எந்த இடத்தில இருந்து கறண்ட் எடுத்தது, ரிப் சுவிச்சுக்கு (கறண்ட் ஒழுகினால் தானே வெட்டுறது) முதலோ பிறகோ?

உரும்பிராய்த் தோட்டம்

நிப்பாட்டியாச்சு ஐயா. வயர் நிலத்துக்குள்ளால வாறதால கீழ் முனைதான் கிட்ட, அதில கொழுவினன். மோட்டர் வயர் மேல் முனையில. ரெண்டு பியூஸிலயும் இழை கட்டியிருக்கு. தனி ஏர்த் வயர் இல்லை, மோட்டர் காலில ஒரு கம்பி கட்டிக் கிணத்துக்குள்ள போற பைப்பில சுத்தியிருக்கு, அது அப்பா காலத்திலயே இருந்தது. கறண்ட் எடுத்துத் தந்தது தெரிஞ்ச ஒரு அண்ணை. ரிப் சுவிச்சுக்கு முதல் எடுத்தவர். நீட்டு வயரில ஓடேக்க இடைக்கிடை வீடு முழுக்க ரிப் அடிக்கிறது, அந்தக் கரைச்சல் வேண்டாம் எண்டுதான்.

பழைய வயர்மன்

சுவிச்சில பழுதில்லை. தலைகீழாக் கொழுவியிருக்கிறீர்.

உந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு சாமான் அடுத்தடுத்து இருக்கு. ஒண்டு கைபிடியோட அசையிற கத்தி, மற்றது பியூஸ். கறண்ட் முதல் கத்திக்கு வந்து, கத்தியைத் தாண்டித்தான் பியூஸுக்குப் போகோணும். அப்பதான் கைபிடியை இழுத்தால் பியூஸில கறண்ட் செத்துப்போகும், கையை வைச்சு மாத்தலாம். உம்மட பெட்டியில கறண்ட் நேர பியூஸுக்கு வந்து, அதுக்குப் பிறகு கத்திக்குப் போகுது. கத்தியைத் திறந்தால் மோட்டர் நிக்கும். பியூஸ் அப்பிடியே உயிரோட நிக்கும். மோட்டர் நிக்கிறதைப் பாத்து ஏமாந்து கை வைக்கிற இடம் உதுதான்.

அந்த வகைப் பெட்டியில வழமையா மேல் முனை வரவு, கீழ் முனை போக்கு. ஆனா பழசு எண்டால் நம்பக்கூடாது. எழுத்து அழிஞ்சிருக்கும், ஆராவது கழட்டிப் பூட்டியும் இருப்பினம். எல்லா வயரையும் கழட்டிப்போட்டு, கைபிடியை நிப்பாட்டின நிலையில வைச்சு, மல்ரிமீற்றரைத் தொடர்ச்சிக்குப் போட்டுப் பாரும். எந்த முனை பியூஸோட 'பீப்' அடிக்குதோ அது மோட்டருக்குப் போற பக்கம். அடிக்காத முனைக்கு வீட்டு வயர். வயர் கீழால வாறது ஒரு சாட்டில்லை. பெட்டிக்குள்ளாலயே ஓரமா மேல கொண்டுபோகலாம், இடம் காணாட்டி பைப்பை வெளியால வளைச்சு மேல் ஓட்டையால விடலாம்.

அடுத்தது நியூட்ரல் பியூஸ். கறண்ட் வாற வயர் லைன், திரும்பிப் போறது நியூட்ரல். அந்தக் காலத்துப் பெட்டியள் ரெண்டிலயும் பியூஸோட வந்தது, அது இப்ப கூடாது. நியூட்ரல் பியூஸ் முதல் எரிஞ்சால் மோட்டர் நிண்டிடும், ஆனா மோட்டருக்குள்ள மற்ற வயரால கறண்ட் வந்து காத்துக்கொண்டு நிக்கும். நியூட்ரல் பக்கத்துப் பியூஸுக்குப் பதிலா கெட்டிச் செப்புப் பட்டை ஒண்டு போட்டு இறுக்கும். கைபிடி ரெண்டு வயரையும் சேர்த்து வெட்டுறது நல்லது, அது இருக்கட்டும். உருகிறது லைனில மட்டும்.

கோண்டாவில் தம்பி சொன்னதிலயும் ஒரு உண்மை இருக்கு. ரெஸ்ரரை மட்டும் நம்பக்கூடாது. அது சும்மா மினுங்கும், சில நேரம் பத்த வேண்டிய இடத்தில பத்தாமலும் விடும். காஞ்ச பலகையில ரப்பர் செருப்போட நிண்டு பாத்தால் மங்கலா எரியிறது வெயிலுக்குள்ள கண்ணுக்கே தெரியாது. நான் வேலை செய்த காலம் முழுக்க ஒரே முறைதான். கறண்ட் இருக்கிறது தெரிஞ்ச இடத்தில மீற்றரை வைச்சுப் பார், பிறகு வேலை செய்யிற இடத்தில பார், பிறகு திரும்பத் தெரிஞ்ச இடத்தில பார். நடுவில மீற்றர் செத்திருந்தால் மூண்டாவது தரம் காட்டிக் குடுத்திடும்.

சுன்னாக வாசி

இவ்வளவு கஷ்டம் ஏன்? கடையில ரெண்டு வயரையும் சேர்த்து வெட்டுற 63 அம்பியர் ரெண்டு போல் ஐசொலேற்றர் சுவிச் விக்குது. அதைப் போட்டால் பியூஸே தேவையில்லை, 63க்கு மேல போனால் தானே விழும்.

மானிப்பாய்ப் பிள்ளை

விழாது அண்ணா. ஐசொலேற்றரில எழுதியிருக்கிற 63, அது சுடாமல் தாங்கக்கூடிய கறண்ட். அதுக்குள்ள உருகிறதோ விழுத்திறதோ ஒண்டும் இல்லை. எம்.சி.பி. (கறண்ட் கூடினால் தானே விழுற சுவிச்) மாதிரியே முகம் இருக்கிறதால கன பேர் மாறி விளங்குகினம். ஐசொலேற்றருக்குப் பின்னால எம்.சி.பி.யோ பியூஸோ கட்டாயம் வேணும். மோட்டரை அதாலயே போட்டு நிப்பாட்டப் போறதெண்டால் அதில ஏ.சி.-23 (ஓடுற மோட்டரை வெட்டக்கூடிய வகை) எண்டு அடிச்சிருக்கோ எண்டும் பாருங்கோ. ஏ.சி.-20 எண்டால் சுமை இல்லாத நேரத்தில மட்டும்தான் வெட்டலாம்.

தோட்டத்து அண்ணா, உங்கட பியூஸ் கணக்கைப் பாப்பம். 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டர் ஓடேக்க 6, 7 அம்பியர் இழுக்கும். தகட்டில எழுதியிருக்கும், பாருங்கோ. தொடங்கிற அந்த ஒரு செக்கன் அதுக்கு அஞ்சாறு மடங்கு, 35 அம்பியர் மட்டில. 5 அம்பியர் பியூஸ் வயர் 0.2 மி.மீ. தடிப்பு, அது நிக்காதுதான். அதுக்காக நீங்கள் கட்டின இழை 0.67 மி.மீ. செம்பு. அது உருக 44 அம்பியர் கிட்ட வேணும். மோட்டர் இறுகி நிண்டு 35 இழுத்தாலும் பியூஸ் போகாது, சுருள்தான் எரியும். நிலத்துக்குள்ள பைப்பில கிடக்கிற 2.5 வயரும் அந்தச் சூட்டைக் கனநேரம் தாங்காது. 15 அம்பியர் பியூஸ் வயர், 0.5 மி.மீ. ஈயம் பூசினது, கடையில அட்டையில சுத்தி விப்பினம், அதைப் போடுங்கோ. தொடக்கத்தைத் தாங்கும், இறுகி நிண்டால் போகும்.

உருகிற பியூஸ் கொஞ்சம் சோம்பேறி, 15 எண்டு எழுதினாலும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வந்தால்தான் போகும். அதால 15ஐ 0.725ஆல பிரிச்சு, 20.7 அம்பியர் தாங்கிற வயர் போடோணும் எண்டு கணக்கு. உங்கட 2.5 மட்டுமட்டா நிக்குது. மோட்டர் தொடக்கத்தைத் தாங்கிற சி வகை 16 அம்பியர் எம்.சி.பி. போட்டால் இந்தத் தலையிடி இல்லை.

இன்னொண்டு. பியூஸ் காக்கிறது வயரை. மோட்டரை இல்லை. மோட்டர் 9 அம்பியரில மெல்ல மெல்ல வேகினால் 15 பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. அதுக்கு ஓவர்லோட் (கறண்ட் கனநேரம் கூடி நிண்டால் மோட்டரை நிப்பாட்டிறது) இருக்கிற ஸ்ராட்டர் ஒண்டு போட்டு, தகட்டில இருக்கிற அம்பியருக்கு வையுங்கோ.

60 மீற்றருக்கு 2.5 வயரில ஓடேக்க ஏழரை வோல்ற் விழும், பரவாயில்லை. தொடங்கேக்க 38 வோல்ற் விழும். பின்னேரம் லைனே 210 வோல்ற்றுக்கு இறங்கி நிண்டால் மோட்டர் எழும்பக் கஷ்டப்படும், அந்த நேரமும் பியூஸ் போகும். 4 சதுர மி.மீ. வயர் எண்டால் 23 வோல்ற்றோட நிக்கும். இப்ப தாட்டதைக் கிண்டச் சொல்லேல்லை, ஆனா ஏர்த்துக்கு எப்பிடியும் கிண்டத்தான் போறீங்கள்.

உரும்பிராய்த் தோட்டம்

ஏன் தங்கச்சி ஏர்த்துக்குக் கிண்டோணும்? பைப்பில கட்டியிருக்குதானே?

மானிப்பாய்ப் பிள்ளை

இரும்புப் பைப்போ, பி.வி.சி.யோ?

உரும்பிராய்த் தோட்டம்

ஐயையோ. அப்பா காலத்தில இரும்பு. துருப்பிடிச்சு ஒழுகி, போன வருசம் பி.வி.சி. மாத்தினனாங்கள். கம்பியை அப்பிடியே திரும்பச் சுத்திவிட்டிருக்கிறன்.

பழைய வயர்மன்

அப்ப ஏர்த்தே இல்லை, பிளாஸ்ரிக்கைச் சுத்தி ஒரு கம்பி இருக்கு. அதோட ரிப் சுவிச்சும் தாண்டி எடுத்திருக்கு. ஈர நிலத்தில வெறுங்காலோட நிண்டு மோட்டரைத் தொட்ட நாளெல்லாம் தப்பினது உம்மட அதிஷ்டம்.

இரும்புப் பைப்பாவே இருந்திருந்தாலும் காணாது. எங்கட பக்கம் கொஞ்சம் தோண்டச் சுண்ணாம்புக் கல்லு, ஏர்த் றொட் நல்லா இறங்காது. வெயில் காலத்தில செம்பாட்டு மண்ணும் காஞ்சு போயிடும். ஏர்த்தின்ர தடை 40 ஓம் எண்டு வையும். மோட்டர் உடம்பில கறண்ட் பட்டால் 230ஐ 40ஆல பிரிக்க ஆறு அம்பியர்கூட வராது. 15 அம்பியர் பியூஸ் அதைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிக்கும், மோட்டர் உடம்பு 230ல நிக்கும். அந்த இடத்தில ஆளைக் காக்கிறது 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் மட்டும்தான். அது அடிக்கிறது எண்டால் எங்கயோ ஒழுகுது எண்டு சொல்லுது. வாயைப் பொத்தினால் ஒழுக்கு நிக்காது.

லைசன்ஸ் இருக்கிற வயரிங் ஆள் ஒருத்தரைக் கூப்பிட்டு, வீட்டு போட்டில ரிப் சுவிச்சுக்குப் பிறகு தனி எம்.சி.பி.யில இருந்து எடுப்பியும். பச்சை மஞ்சள் வயர் ஒண்டு வீட்டு ஏர்த்தில இருந்து பெட்டிக்கும் மோட்டர் உடம்புக்கும் வரட்டும். இரும்புப் பெட்டியையும் விடக்கூடாது. மீற்றர்ப் பக்கம் சீல் இருக்கிற சாமான் ஒண்டையும் ஆரும் தொடவேண்டாம், அது கறண்ட் தாற நிறுவனத்தின்ர.

தெல்லிப்பழையான்

இடையில கேக்கிறன், உதே மாதிரிப் பெட்டி என்னட்டயும் இருக்கு. கூரைச் சோலாருக்குப் பூட்டலாமோ?

பழைய வயர்மன்

வேண்டாம். வீட்டுக் கறண்ட் ஒரு செக்கனுக்கு நூறு தரம் பூச்சியத்துக்கு வந்து போகுது, அதால கத்தி திறக்கேக்க வாற பொறி தானே அணைஞ்சிடும். சோலார்த் தகட்டில இருந்து வாறது ஒரே பக்கமா ஓடுது, பொறி வெல்டிங் மாதிரி நிண்டு எரியும். டி.சி. எண்டு அடிச்ச, உம்மட தகடுகளின்ர வோல்ற்றுக்குக் காணுற ஐசொலேற்றர்தான் வேணும். மிச்சத்தைத் தனியாக் கேளும், இது வெங்காயக்காரற்ற இடம்.

உரும்பிராய்த் தோட்டம்

ஆறு நாள் கழிச்சு வாறன். வயரிங் அண்ணை வந்து எல்லாம் மாத்தினவர். வீட்டு வயர் இப்ப மேல் முனையில. நியூட்ரலில செப்புப் பட்டை, லைனில 15 பியூஸ். எங்கட வீட்டு வயர் பழசு, சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல். நான் தாட்டது மண்ணிறமும் நீலமும், புது முறையில மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல். நான் நீலத்தைச் சிவப்போட முறுக்கி வைச்சிருந்தன். அதைப் பாத்து அவர் பேசினவர்.

நான் நீலத்தைத்தான் லைனாக் கொண்டு போயிருக்கிறன் எண்டு அப்பதான் விளங்கிச்சு. ஏச்சு வேண்டாம், அவரிட்ட நல்லா வாங்கியாச்சு.

எல்லாம் சரி, ரிப் சுவிச்சுக்குப் பிறகு எடுத்துப் போட்ட உடனே வீடு முழுக்க இருட்டு. மூண்டு தரம் போட்டம், மூண்டு தரமும் அடிச்சுது. அவர் மோட்டர் வயரைக் கழட்டி மெகர் (வயருக்கும் மோட்டர் உடம்புக்கும் இடையில உள்ள தடையை அளக்கிற மீற்றர்) வைச்சுப் பாத்தார். 0.01 மெகாஓம். ஒரு மெகாஓமாவது வேணும் எண்டார். மோட்டர் முதுகில இருக்கிற சின்னப் பெட்டி மூடியைத் திறந்தால் உள்ளுக்கு முனை தெரியேல்லை, முழுக்கக் குளவி கட்டின மண் கூடு. மாரிக்குள்ள ஈரம் ஊறி, உப்புப் பூத்து, ரெண்டு முனைக்கும் மோட்டர் உடம்புக்கும் பாலம் போட்ட மாதிரி இருந்தது. அந்த மூடியில ஒரு ஆணி இல்லை, அந்த ஓட்டையாலதான் போயிருக்கு.

சுரண்டித் துப்பரவாக்கி, மோட்டரைக் கழட்டி ரெண்டு நாள் முத்தத்து வெயிலில வைச்சம். நேற்று மெகரில 8 மெகாஓம். பூட்டிப் போட்டாச்சு, ஒரு மணித்தியாலம் ஓடிச்சு, ரிப் அடிக்கேல்லை. கைபிடியை இழுத்துப்போட்டு ஐயா சொன்ன மாதிரி மூண்டு தரமும் பாத்தன். பியூஸில பூச்சியம்.

ஸ்ராட்டர் அடுத்த மாதம், வெங்காயம் கிண்டின பிறகு. ஒரு கேள்வி: பெட்டிக்குக் கீழ பழைய வயர் ஓட்டை ரெண்டு சும்மா கிடக்கு. சீமெந்து வைச்சு அடைக்கட்டோ?

பழைய வயர்மன்

சீமெந்து வேண்டாம், ஈரத்தைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு பெட்டியைத் துருவாக்கும். கடையில ரப்பர் அடைப்பு இருக்கு, ஓட்டை அளவு பாத்து வாங்கும். வயர் நுழையிற ஓட்டைக்கு, வயரைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கிற கிளாண்ட் போடும். மோட்டர் மூடிக்கு அந்த ஆணி வாங்கிப் பூட்டினீரோ?

உரும்பிராய்த் தோட்டம்

இன்னும் இல்லை ஐயா. இப்ப சைக்கிள் எடுக்கிறன்.